தங்கச்சிக்கு கிட்னி மாத்தணும், வாயைத் திறந்து உதவி கேக்க வரமாட்டேங்குது

அண்ணன்காரன் (இழை ஆரம்பித்தவர்)

வணக்கம். ரொம்ப வருஷமா இங்க படிக்கிறதோட சரி, இன்னைக்குத்தான் மொத மொதல்ல எழுதறேன்.

என் தங்கச்சிக்கு 29 வயசு. ரெண்டு கிட்னியும் வேலை செய்யல. பதினாலு மாசமா டயாலிசிஸ்ல இருக்கா, வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், போக வர நேரம் சேத்தா அன்னைக்கு பொழுது அதோட போச்சு. மறுநாள் பூரா அசதி, அது தெளியறதுக்குள்ள அடுத்த முறை வந்துடும். ஒரு நாளைக்கு இவ்ளோதான் தண்ணி குடிக்கலாம்னு அளவு சொல்லிருக்காங்க. காலைல ஒரு சின்ன பாட்டில்ல ஊத்தி வெச்சுக்கிட்டு ராத்திரி வரைக்கும் மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சு குடிக்கிறா. அவ எதிர்ல தண்ணி குடிக்க எனக்கு தொண்டைல இறங்கமாட்டேங்குது.

மாத்தறதுதான் நல்லதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மாவுக்கு சுகர் இருக்கறதால அவங்க குடுக்க முடியாது. நான் டெஸ்ட் பண்ணேன், எனக்கு ஏ குரூப், அவளுக்கு பி. சேராது. இப்ப எங்கள மாதிரியே மாட்டிக்கிட்டு நிக்கிற வேற ஒரு குடும்பத்தோட மாத்திக்கலாம்னு, அதாவது ஸ்வாப், பேசிட்டு இருக்காங்க. அது கூடி வந்தா அவ ஆபரேஷன் நடக்கற அதே நாள் நானும் டேபிள்ல படுத்திருப்பேன். வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்தன். சேமிப்பு, நகை, ஆபீஸ் லோன் எல்லாம் சேத்தும் பாதிதான் தேறுது.

எனக்கு கேக்கத்தான் வரல. பெரியப்பா பையனுக்கு போன் போட்டேன், இருபது நிமிஷம் பேசினேன், அவன் வண்டி ரிப்பேரான கதை எல்லாம் கேட்டேன். "தங்கச்சி எப்படி இருக்கா"ன்னு அவனே கேட்டான், நான் "நல்லா இருக்கா"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். நல்லா இருக்கான்னு சொல்லிட்டு அடுத்த வாரம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு பணம் கேப்பேன்?

இத தாண்டி வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க, எப்படி ஆரம்பிச்சீங்க, யார்கிட்ட மொதல்ல கேட்டீங்க.

நைட்ஷிப்ட்

தம்பி, நான் ட்ரான்ஸ்ப்ளான்ட் வார்டுல நர்ஸா இருக்கேன். மொதல்ல ஒண்ணு சொல்றேன், வார்டுக்கு வர்ற பத்து குடும்பத்துல எட்டு குடும்பம் உங்கள மாதிரிதான் தயங்கிட்டு வருது, இது உங்க குறை இல்ல.

நாளைக்கே ஆஸ்பத்திரில மாற்று ஆபரேஷன் ஏற்பாட்ட பாத்துக்கற கோஆர்டினேட்டர பாத்து எழுத்துல எஸ்டிமேட் வாங்குங்க. ஒரே தொகையா வேணாம், பிரிச்சு கேளுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி டெஸ்ட்டுக்கு எவ்ளோ, உங்க ஆபரேஷனுக்கு எவ்ளோ, அவளுக்கு எவ்ளோ, டிஸ்சார்ஜ் ஆனப்புறம் மொத ஆறு மாசத்துக்கு மாத்திரைக்கும் ரத்த டெஸ்ட்டுக்கும் எவ்ளோ. நிறைய பேர் கடைசி கேள்வியக் கேக்கவே மாட்டாங்க. இன்சூரன்ஸ், அரசாங்க உதவி இருந்தா எது எதுக்கு செல்லும்னு அந்த பேப்பர்லயே குறிச்சுக்கோங்க. ஆஸ்பத்திரில சோஷியல் வொர்க்கர் இருந்தாங்கன்னா அவங்களையும் பாருங்க, எந்த அறக்கட்டளைக்கு எந்த பேப்பரோட எழுதணும்னு அவங்களுக்கு அத்துப்படி.

இந்த பேப்பர் கைல இருந்தாலே கேக்கற பயம் பாதி போயிடும். "உதவி பண்ணு"ன்னு கேக்கறதுக்கும் "இன்னின்ன செலவு, இதுல இவ்ளோ நாங்க போட்டுட்டோம், இவ்ளோ குறையுது"ன்னு சொல்றதுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு.

பத்துவருசம்

சகோ, எனக்கு கிட்னி மாத்தி பத்து வருஷம் முடிஞ்சிருச்சு. எங்க அக்கா குடுத்தது. நான் பண்ண தப்ப சொல்றேன், நீங்க பண்ணாதீங்க.

எனக்கு ஆபரேஷனுக்காக பணம் வசூலிச்சப்ப ஊரே திரண்டு வந்துச்சு, கூட படிச்சவனுங்க, வேலை பாத்த இடம், முன்ன பின்ன தெரியாதவங்க கூட, ரெண்டே வாரத்துல தொகை சேந்துருச்சு, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, எல்லாரும் வாழ்த்து சொல்லிட்டு அவங்கவங்க வேலைய பாக்க போயிட்டாங்க. அதுல அவங்க தப்பு ஒண்ணும் இல்ல, நாங்க கேட்டதே ஆபரேஷனுக்குத்தான். அஞ்சாவது மாசம், உடம்பு புது கிட்னிய எதிர்க்காம இருக்க போடற மாத்திரை வாங்க காசு இல்ல. வீட்டுல சொல்ல வெக்கம். ஏற்கனவே இவ்ளோ வாங்கிட்டோம், மறுபடி எப்படி கேக்கறதுன்னு நானே காலைல முழுசா போட்டுட்டு ராத்திரி டோஸ் பாதி பாதியா போட ஆரம்பிச்சேன். ஒண்ணுமே தெரியல எனக்கு. வலி இல்ல, காய்ச்சல் இல்ல, ஒண்ணுக்கு எப்பவும் போல போகுது. மூணு வாரம் கழிச்சு செக்கப்புல கிரியாட்டினின், அதாவது கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த அளவு, ஏறினா கெட்டது, 1.2 இருந்தது 2.6. பயாப்ஸி எடுத்தாங்க, ரிஜெக்ஷன், உடம்பு கிட்னிய எதிர்க்க ஆரம்பிச்சிருச்சு. மூணு நாள் ஸ்டீராய்டு ட்ரிப்ஸ் ஏத்தி காப்பாத்தினாங்க. அந்த மூணு நாளும் எங்க அக்கா கட்டில் பக்கத்துல ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்துச்சு. அது உடம்புல இருந்து அறுத்து குடுத்தத நான் வெக்கப்பட்டுக்கிட்டு தொலைக்க பாத்தேன்.

அதனால ஆபரேஷனுக்கு மட்டும் கேக்காதீங்க. ஒரு வருஷத்துக்கு கேளுங்க. ஒரே தடவை பெரிய தொகை குடுக்க முடியாதவங்க மாசா மாசம் சின்ன தொகை போடுவாங்க, அவங்களதான் மொதல்ல பிடிங்க. மாத்திரை கிட்னி இருக்கற வரைக்கும் போடணும், உடம்பு ஒரு நாளும் "சரி இது நம்ம கிட்னிதான்"னு ஒத்துக்காது.

கணக்குவாத்தி

நண்பரே, ரெண்டு குடும்பத்துக்கு வசூல் பொறுப்பு எடுத்து பண்ணிருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன்.

நீங்க கேக்காதீங்க. உங்களுக்கு பதிலா கேக்கறதுக்கு ஒருத்தர நியமிங்க. கூச்சம் ஒரு காரணம்தான், நீங்களும் ஆபரேஷன் ஆகி படுத்திருக்கப் போறீங்க, அப்ப போன் எடுக்க, ரசீது அனுப்ப, பில் கட்ட ஆள் வேணும். நம்பிக்கையான நண்பர் ஒருத்தர், சொந்தத்துல ஒருத்தர், ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாத்தான் பணம் எடுக்க முடியும்ங்கற மாதிரி தனி அக்கவுன்ட். வீட்டுச்செலவு அக்கவுன்ட்டோட கலக்கவே கூடாது. நேரா ஆஸ்பத்திரி அக்கவுன்ட்டுக்கே கட்டறேன்னு சொல்றவங்க இருப்பாங்க, அவங்களுக்கு அந்த வழியும் குடுங்க.

ஆன்லைன் வசூல் தளத்துல போடறதா இருந்தா அவங்க எவ்ளோ பிடிச்சுப்பாங்க, பணம் எத்தனை நாள்ல கைக்கு வரும், இலக்கு தொகை வரலன்னா என்ன ஆகும்னு மூணையும் படிச்சுட்டு போடுங்க. அப்புறம், பணம் மிஞ்சினா என்ன பண்ணுவீங்கன்னு ஆரம்பத்துலயே எழுதிடுங்க. கேக்கறவங்க கம்மி, ஆனா மனசுல எல்லாருக்கும் இருக்கும்.

வரவு செலவ வாரம் ஒரு தடவை போடுங்க. பெரிய ஃபைல் வேணாம், நோட்டுல எழுதி போட்டோ எடுத்து அனுப்பினா போதும்.

கேளடாமனிதா

ப்ரோ நான் சொல்றது சிலருக்கு பிடிக்காது. கணக்கு வழக்கு எல்லாம் சரிதான், ஆனா ஜனங்க படத்தை பாத்துதான் குடுக்கறாங்க. டயாலிசிஸ் மெஷின்ல இருக்கற மாதிரி போட்டோ, ஒரு சின்ன வீடியோ, அம்மா பேசற மாதிரி. எங்க சித்தப்பாவுக்கு அப்படித்தான் பண்ணோம், நாலு நாள்ல வந்துச்சு. உயிர் முக்கியமா மானம் முக்கியமான்னா நான் உயிர்தான் சொல்வேன்.

வெள்ளைரோஜா

கேளடாமனிதா, உங்க வேதனை புரியுது, ஆனா சித்தப்பாகிட்ட கேட்டுட்டா அந்த வீடியோ எடுத்தீங்க? எங்கப்பாவ அப்படி எடுத்து போட்டாங்க, அவர் மயக்கமா இருந்த நேரத்துல. நல்லாகி வெளிய வந்தப்புறம் கடைத்தெருவுல ஒருத்தர் "அந்த வீடியோல வந்தது நீங்கதானே"ன்னு கேட்டார். அப்பா ரெண்டு மாசம் வீட்டை விட்டு வெளிய போகல. இணையத்துல போட்டத திருப்பி எடுக்க முடியாது.

அண்ணன்காரன்

எல்லாருக்கும் நன்றி. எஸ்டிமேட் வாங்கிட்டேன், பிரிச்சு எழுதி குடுத்தாங்க. பத்துவருசம் அண்ணா எழுதினத ராத்திரி அம்மாவுக்கு படிச்சு காட்டினேன், ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல.

போட்டோ விஷயம் தங்கச்சிகிட்ட கேட்டேன். அவளே எழுதறேங்கறா. கீழ இருக்கறது அவ எழுதினது, என் ஐடில போடறேன்.

"நான்தான் அந்த தங்கச்சி. என்ன பத்தி பேசிட்டு இருக்கீங்க, நன்றி. மெஷின்ல இருக்கற போட்டோ வேணாம். போன வருஷம் எடுத்தது ஒண்ணு இருக்கு, ஸ்கூல்ல பசங்களோட நிக்கறது, அத போடுங்க. நான் டீச்சர். என் பசங்களோட அப்பா அம்மா இத பாப்பாங்க. 'உயிருக்கு போராடும் இளம்பெண்'னு போடாதீங்க, நான் படிக்கறப்ப எனக்கே பயமா இருக்கு. 'கிட்னி கிடைச்சா மறுபடி வேலைக்கு போவா'ன்னு போடுங்க, அது உண்மை. என் ரிப்போர்ட்ட கேக்கறவங்களுக்கு தனியா காட்டுங்க, எல்லாருக்கும் போடாதீங்க. அண்ணனுக்கும் ஆபரேஷன்னு எழுதுங்க. எல்லாரும் என்னைய மட்டும் கேக்கறாங்க."

கேளடாமனிதா

சிஸ்டர், நான் எழுதினத வாபஸ் வாங்கிக்கறேன். நீங்க சொன்ன மாதிரியே போடலாம். என்னால ஆனத மாசா மாசம் போடறேன், ஆறு மாசத்துக்கு.

நைட்ஷிப்ட்

ஸ்வாப் பத்தி கொஞ்சம் சொல்றேன், சொந்தக்காரங்களுக்கு விளக்க உதவும். நிறைய பேர் இத விக்கறது வாங்கறதுன்னு தப்பா நினைச்சுக்கறாங்க. உங்களோட ஏ கிட்னி அங்க இருக்கற ஏ குரூப் நோயாளிக்கு போகும், அந்த வீட்டு பி குரூப் ஆளோட கிட்னி தங்கச்சிக்கு வரும். காசு கை மாறாது. 1986-ல ஃபெலிக்ஸ் ராபபோர்ட்னு ஒரு டாக்டர் சொன்ன யோசனை, 1991-ல தென் கொரியாவுல மொதல்ல செஞ்சாங்க. சட்டம் அனுமதிக்குதா, என்னென்ன அனுமதி வேணும்ங்கறது நாட்டுக்கு நாடு மாறும், கோஆர்டினேட்டர் சொல்றத அப்படியே ஃபாலோ பண்ணுங்க. பொதுவா நாலு ஆபரேஷனையும் ஒரே நாள்ல, ஒரே நேரத்துல ஆரம்பிப்பாங்க, ஒரு பக்கம் முடிஞ்சப்புறம் இன்னொரு பக்கம் பின்வாங்கிடக் கூடாதுல்ல.

பாசிட்டிவ் நெகட்டிவ் குழப்பமும் வேணாம். கிட்னிக்கு ஏ பி ஓ குரூப்தான் பாப்பாங்க, அந்த ப்ளஸ் மைனஸ் முக்கியம் இல்ல. ஆனா க்ராஸ்மேட்ச் கட்டாயம், குடுக்கறவரோட செல்ல வாங்கறவரோட ரத்தம் எதிர்க்குதான்னு பாக்கற டெஸ்ட் அது. ஆபரேஷனுக்கு கொஞ்ச நாள் முன்னாடி கூட மறுபடி எடுப்பாங்க, அது பாசிட்டிவா வந்தா தேதி தள்ளிப் போகும். அதனால "இன்ன தேதில ஆபரேஷன்"னு வசூல் லெட்டர்ல உறுதியா போடாதீங்க, தள்ளிப் போச்சுன்னா ஜனங்க சந்தேகப்படுவாங்க.

அண்ணன்காரன்

நேத்து ஒரு தனி மெசேஜ் வந்துச்சு. "ஸ்வாப்புக்கு ஏன் காத்திருக்கீங்க, பி குரூப் ஆள் ரெடியா இருக்கான், பேப்பர் எல்லாம் நாங்க பாத்துக்கறோம், முன்பணம் மட்டும் போடுங்க"ன்னு. சத்தியமா சொல்றேன், பத்து நிமிஷம் அத பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

பத்துவருசம்

பதில் போடாதீங்க சகோ. அட்மினுக்கு ரிப்போர்ட் பண்ணுங்க, முடிஞ்சா போலீஸ்லயும் குடுங்க. பாதி பேர் முன்பணத்த வாங்கிட்டு காணாம போறவனுங்க. மீதி பாதி அதவிட மோசம், ஏதோ ஒரு ஏழை வயித்த கிழிச்சு எடுத்து அவனுக்கு சொன்ன காசையும் குடுக்கமாட்டானுங்க. உறுப்ப விக்கறது வாங்கறது ஏறக்குறைய எல்லா நாட்டுலயும் குற்றம், டாக்டர்ங்க எல்லாம் சேந்து 2008-ல இஸ்தான்புல்ல இதுக்கு எதிரா ஒரு பிரகடனமே போட்டாங்க. அப்படி எங்கயோ போயி மாத்திக்கிட்டு வந்தவர எனக்கு தெரியும், யார் கிட்னின்னு தெரியாது, என்ன மருந்து குடுத்தாங்கன்னு பேப்பர் இல்ல, வந்து இறங்கினப்ப ஒடம்பு பூரா இன்ஃபெக்ஷன்.

பத்து நிமிஷம் பாத்தீங்கன்னு சொன்னீங்க பாருங்க, அதுல தப்பில்ல. தங்கச்சி மேல இருக்கற பாசத்தத்தான் அவனுங்க வலையா போடறானுங்க.

வெள்ளைரோஜா

அண்ணன்காரன் தம்பி, நான் அப்பாவுக்கு கிட்னி குடுத்தவ, ஆறு வருஷம் ஆச்சு. குடுக்கற பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்லணும்.

நீங்க மனசார குடுக்கறீங்கன்னு தெரியுது. இருந்தாலும் டோனர்கிட்ட தனியா பேசறதுக்குன்னு ஒருத்தர் இருப்பாங்க, அவங்ககிட்ட எல்லா பயத்தையும் கொட்டிடுங்க. ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் போயிட்டு வேணாம்னு திரும்பி வர உரிமை டோனருக்கு உண்டு. காரணம் சொல்லாம "மருத்துவ ரீதியா பொருந்தல"ன்னு மட்டும் குடும்பத்துகிட்ட சொல்லிடுவாங்க. இத ஏன் சொல்றேன்னா, எங்க வீட்டுல என் தம்பிய எல்லாரும் நெருக்கினாங்க, அவன் உள்ளுக்குள்ள நடுங்கிட்டு இருந்தான். பணம் கேக்கலாம், வண்டி கேக்கலாம், நேரம் கேக்கலாம், உறுப்ப மட்டும் யார்கிட்டயும் வற்புறுத்திக் கேக்கக் கூடாது.

உங்க அம்மா பயப்படுவாங்க, ரெண்டு பிள்ளையும் ஒரே நாள்லயான்னு. அவங்ககிட்ட இத சொல்லுங்க. உலகத்துல வெற்றியா நடந்த மொத கிட்னி மாற்றம் 1954 டிசம்பர் 23, பாஸ்டன்ல, டாக்டர் ஜோசஃப் மர்ரே பண்ணது. ரொனால்டுங்கற பையன் தன் கூடப்பிறந்த ரெட்டை ரிச்சர்டுக்கு குடுத்தான். ரிச்சர்டு அதுக்கப்புறம் எட்டு வருஷம் வாழ்ந்தார், கல்யாணமும் பண்ணிக்கிட்டார். குடுத்த ரொனால்டு 2010 வரைக்கும் இருந்தார், ஒத்தக் கிட்னியோட 56 வருஷம். ஒரே அச்சு ரெட்டைங்கறதால அப்ப உடம்பு எதிர்க்கல. மத்தவங்களுக்கு நடக்கணும்னா நல்ல மருந்து வர வேண்டியிருந்துச்சு, இப்ப பெரும்பாலானவங்க போடற டாக்ரோலிமஸ் 1984-லதான் ஜப்பான்ல மண்ணுல இருந்த ஒரு பாக்டீரியால இருந்து கண்டுபிடிச்சாங்க. அந்த மாதிரி மருந்து எதுவுமே இல்லாத காலத்துல உங்க தங்கச்சிக்கு இந்தப் பேச்சே இல்ல.

இப்ப விஷயத்துக்கு வரேன். உங்களுக்கு நாலுலேர்ந்து ஆறு வாரம் வெயிட் தூக்கக் கூடாது. தண்ணி குடம் கூட கூடாது. வீட்டுல ரெண்டு பேர் படுக்கை, சுகர் இருக்கற அம்மா. உங்களுக்கு பணத்தைவிட ஆள் பஞ்சம்தான் பெருசா வரும். மொத மாசம் வாரத்துல ரெண்டு மூணு நாள் தங்கச்சிய செக்கப்புக்கு கூட்டிட்டு போகணும், விடிகாலைல. யார் வண்டி ஓட்டறது? அம்மாவுக்கு மாத்திரை யார் ஞாபகப்படுத்தறது? இதையெல்லாம் இப்பவே எழுதுங்க. "எதுனா வேணும்னா சொல்லுப்பா"ன்னு சொல்ற எல்லார்கிட்டயும் ஒரு வேலைய குடுங்க. அவங்க சும்மா சொல்லல, என்ன பண்றதுன்னு தெரியாமதான் அப்படி சொல்றாங்க.

அண்ணன்காரன்

லெட்டர் எழுதிட்டேன், பாத்து சொல்லுங்க.

"அன்புள்ளவர்களுக்கு, என் தங்கைக்கு சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்ய வேண்டியுள்ளது. எங்கள் குடும்பம் மிகுந்த பொருளாதார நெருக்கடியில் உள்ளது. தங்களால் இயன்ற உதவியை செய்து ஓர் உயிரைக் காப்பாற்றுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

கணக்குவாத்தி

தப்பா எடுத்துக்காதீங்க, இத படிச்சா யாரோ ஆபீஸ்ல இருந்து அனுப்பின மாதிரி இருக்கு. இதே இழைல மொத பதிவுல நீங்க எழுதினீங்களே, பாட்டில்ல தண்ணி மிச்சம் பிடிச்சு குடிக்கறத, அதுக்கு மேல ஒரு லெட்டர் வேணாம். அத எழுதுங்க, தங்கச்சி சரின்னு சொன்னா. அப்புறம் எஸ்டிமேட்ல என்ன இருக்கு, நீங்க எவ்ளோ போட்டீங்க, எவ்ளோ குறையுது. "இயன்ற உதவி"ன்னா எவ்ளோன்னு அவங்களுக்கு தெரியாது, குழம்பி வெச்சுடுவாங்க. "ஒரு மாச மாத்திரை இவ்ளோ, ஒரு டயாலிசிஸ் இவ்ளோ, ஒரு நாள் வண்டி ஓட்டினா அதுவும் உதவிதான்"னு போடுங்க, அவங்கவங்க சக்திக்கு ஒண்ண எடுத்துப்பாங்க.

அண்ணன்காரன் (மூணு வாரம் கழிச்சு)

மாத்தி எழுதி அனுப்பினேன். பெரியப்பா பையன் தான் மொத ஆள். போன் பண்ணி திட்டினான், அன்னைக்கு இருபது நிமிஷம் பேசினியே அப்பவே சொல்றதுக்கென்னன்னு. அக்கவுன்ட், போன் எல்லாம் இப்ப அவன்தான் பாக்கறான், கூட என் ஆபீஸ் நண்பர் ஒருத்தர். மாசா மாசம் போடறேன்னு 31 பேர் பேர் குடுத்திருக்காங்க. தங்கச்சி ஸ்கூல் பசங்களோட அம்மாங்க நாலு பேர் சேந்து செக்கப்புக்கு வண்டி ஓட்டற முறை போட்டுட்டாங்க.

ஒரு கெட்ட விஷயமும் நடந்துச்சு. அவ போட்டோவையும் லெட்டரையும் அப்படியே எடுத்து, அக்கவுன்ட் நம்பர மட்டும் மாத்தி யாரோ வேற பக்கம் போட்டிருக்காங்க. எங்களுக்கு தெரியறதுக்கு முன்னாடி எத்தனை பேர் அதுல போட்டாங்களோ. தங்கச்சிதான் அழுதா, "என் பேர சொல்லி ஏமாத்திட்டாங்கண்ணா"ன்னு.

கணக்குவாத்தி

இது அடிக்கடி நடக்குது. அந்த பக்கத்த உடனே ரிப்போர்ட் பண்ணுங்க, எல்லாரையும் பண்ண சொல்லுங்க, அதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சு சைபர் புகார் குடுங்க. இனிமே போட்டோ மேலயே அக்கவுன்ட் வைத்திருக்கற ரெண்டு பேர் பேரையும் எழுதி ஒட்டி போடுங்க, வெட்டி எடுக்க முடியாத இடத்துல. ரசீது யார்கிட்ட இருந்து வரும்னு லெட்டர்லயே சொல்லிடுங்க, ரசீது வரலன்னா அவங்களே கூப்பிட்டு கேப்பாங்க. தங்கச்சிகிட்ட சொல்லுங்க, இதுல வெக்கப்பட வேண்டியது திருடினவன்தான்.

அண்ணன்காரன் (ரெண்டரை மாசம் கழிச்சு)

முடிஞ்சுது. படுத்துக்கிட்டே டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருக்கும்.

நாலு தியேட்டர், ஒரே நேரம். என்னைய தள்ளிட்டு போறப்ப எதிர் பக்கம் இன்னொரு ஸ்ட்ரெச்சர் நின்னுச்சு, அதுல இருந்த அம்மா என்னைய பாத்து கை தூக்கி கும்பிட்டாங்க. யாருன்னு தெரியாது. எங்க தங்கச்சிக்கு குடுக்கறவங்களா, நான் குடுக்கறவரோட சொந்தமா, ஒண்ணும் தெரியாது. நானும் கும்பிட்டேன், கைல ஊசி குத்திருந்ததால ஒரு கைதான் தூக்க முடிஞ்சுது.

தங்கச்சிக்கு வெச்ச கிட்னில இருந்து டேபிள்லயே ஒண்ணுக்கு வந்துருச்சாம். மறுநாள் சக்கர நாற்காலில அவ ரூம் கண்ணாடி வரைக்கும் கூட்டிட்டு போனாங்க. நர்ஸ் மணிக்கு மணி பையில இருந்து அளந்து ஊத்தி எழுதறாங்க, போன அளவுக்கு மறுபடி ட்ரிப்ஸ் ஏத்தறாங்க. இவ்ளோ மாசமா பாட்டில்ல அளந்து குடிச்சவகிட்ட "தண்ணி குடிங்க, இன்னும் குடிங்க"ங்கறாங்க. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு பெரிய டம்ளர எனக்கு தூக்கி காட்டிட்டு முழுசா குடிச்சா.

பத்துவருசம்

சகோ இத படிச்சுட்டு வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். நல்லா இருங்க ரெண்டு பேரும். வலிக்குதுன்னு கடைல கிடைக்கற ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைய நீங்களும் தொடாதீங்க, அவளும் தொடக் கூடாது, கிட்னிக்கு ஆகாது. டாக்டர் சொன்னத மட்டும் போடுங்க.

அண்ணன்காரன் (ஆறாவது வாரம்)

பின்னாடி வர்றவங்களுக்கு உதவுமேன்னு எழுதறேன்.

ஆபரேஷனவிட கஷ்டம் அதுக்கப்புறம்தான். மாத்திரை காலைல எட்டு, ராத்திரி எட்டு, பன்னண்டு மணி நேர இடைவெளி தப்பக் கூடாது. ரெண்டாவது வாரம் ஒரு தப்பு பண்ணிட்டோம். ரத்தத்துல மருந்து அளவு பாக்கறதுக்கு, காலை மாத்திரை போடறதுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கணும். அலாரம் அடிச்சுது, அம்மா பாசத்துல எழுப்பி மாத்திரைய குடுத்துட்டாங்க, அங்க போனா நர்ஸ் "போட்டுட்டீங்களா"ன்னு கேட்டுட்டு நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. மறுநாள் வண்டி ஓட்ட முறை இருந்தவங்க ஸ்கூலுக்கு லீவு சொல்லிட்டு வந்தாங்க. இப்ப ரத்த டெஸ்ட் இருக்கற நாள் மாத்திரை டப்பா மேல சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டு வெச்சுடறோம், அத பையில போட்டுக்கிட்டு போயி ரத்தம் குடுத்தப்புறம் அங்கயே போட்டுக்கறா. கிரேப்ஃப்ரூட் பழமும் கூடாதுன்னு சொன்னாங்க, மருந்து அளவ ஏத்தி விட்டுடுமாம்.

அவளுக்கு கை நடுங்குது, அது மருந்தோட வேலை, டோஸ் குறைய குறைய சரியாகும்னாங்க. ஸ்டீராய்டால முகம் உப்பிருச்சு, தூக்கம் வரல, ராத்திரி ரெண்டு மணிக்கு அலமாரி அடுக்கறா, மூணு மணிக்கு அழறா. கிட்னி நல்லா இருக்கு ஏன் அழறேன்னு நான் ஒரு தடவை கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அந்த நேரத்துல அவ பழைய ஃப்ரெண்ட் ஒருத்தி ராத்திரி வேலை பாக்கறவ, பிரேக் டைம்ல தினம் போன் பண்ணி பேசினா. எந்த லிஸ்ட்லயும் நான் எழுதாத உதவி அது.

பாக்க வர்றவங்கள தடுக்கறதுதான் சங்கடமா இருந்துச்சு. பணம் குடுத்தவங்க, பாக்கணும்னு ஆசையா வர்றாங்க, வாசல்லயே நிக்க சொன்னா கோவிச்சுப்பாங்களோன்னு. கோஆர்டினேட்டர்தான் சொன்னாங்க, மொத சில மாசம் எதிர்ப்பு சக்திய மருந்து ரொம்ப அமுக்கி வெச்சிருக்கும், சளி இருமல் இருக்கறவங்க கிட்டவே வரக் கூடாதுன்னு. பெரியப்பா பையன் எல்லாருக்கும் முன்கூட்டியே மெசேஜ் போட்டுட்டான், "வாசல்ல இருந்து கை காட்டுவா, வீடியோ கால்ல பேசுவா"ன்னு. ஒருத்தர் கூட கோவிச்சுக்கல.

பணக்கணக்கு, வசூல்ல வந்தது முழுக்க நோட்டுல இருக்கு. ஆபரேஷன் போக மிச்சம் மாத்திரைக்குன்னு வெச்சாச்சு, 31 பேர்ல 27 பேர் தவறாம போடறாங்க. மத்த நாலு பேருக்கு அவங்கவங்க கஷ்டம் இருக்கும்.

மழைத்துளி

புதுசா சேந்திருக்கேன். என் வீட்டுக்காரருக்கு லிவர் மாத்தணும்னு சொல்லிருக்காங்க. இந்த இழைய ஒரே மூச்சுல படிச்சேன். எனக்கு யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல, எங்களுக்கு சொந்தம்னு பெருசா யாரும் இல்ல.

அண்ணன்காரன் (நாலாவது மாசம்)

தங்கச்சி எழுதறா:

"அக்கா, நான் அந்த தங்கச்சி. கிரியாட்டினின் 1.1. போன மாசமே, ஒண்ணுக்கு வர்ற பாதைல வெச்சிருந்த ஸ்டென்ட்ங்கற சின்ன குழாயையும் எடுத்துட்டாங்க. கை நடுக்கம் பாதி குறைஞ்சிருச்சு, கரும்பலகைல எழுதி பாத்தேன், கோணலா வந்துச்சு ஆனா படிக்க முடியுது.

சொந்தம் இல்லன்னு கவலைப்படாதீங்க. எனக்கு வண்டி ஓட்டின நாலு பேர்ல ஒருத்தரும் எனக்கு சொந்தம் இல்ல, அவங்க பசங்களுக்கு நான் கணக்கு சொல்லிக் குடுத்தேன், அவ்ளோதான். வீட்டுக்காரர் வேலை பாத்த இடம், கூட படிச்சவங்க, பக்கத்து வீடு, ஒரு பேப்பர்ல எழுதுங்க. மொதல்ல அவர்கிட்ட கேளுங்க, அவர பத்தி என்ன எழுதலாம், என்ன வேணாம்னு. லிவர்ல உயிரோட இருக்கறவங்களும் ஒரு பகுதி குடுக்கலாம், குடுத்தவங்களுக்கும் வாங்கினவங்களுக்கும் அது வளந்துடும், ஆனா எங்களுக்கு மாதிரி காத்திருக்கற நேரத்துல டயாலிசிஸ்னு ஒரு வழி கிடையாது, அதனால எஸ்டிமேட்ட நாளைக்கே வாங்கிடுங்க, தள்ளிப் போடாதீங்க.

லெட்டர் எழுதினா இங்க போடுங்க. அண்ணனோட மொத லெட்டர் மாதிரி இருந்தாலும் பரவால்ல, உக்காந்து திருத்தலாம். எனக்கு இப்ப ராத்திரி தூக்கம் லேட்டாத்தான் வருது, எப்ப போட்டாலும் பாப்பேன்."